'கோ மாட் டைடி' என் கருவியையும் துடைத்துவிடுகிறது, வழி உண்டா?

வணக்கம். கோ மொழியில் எழுதிய நிரல் ஒன்றைப் பராமரிக்கிறேன். குறியீட்டை உருவாக்கித் தரும் கருவி ஒன்றின் பதிப்பை, நிரலுக்குத் தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் கோ.மாட் கோப்பில் குறித்து வைத்திருந்தேன். நேற்று, அந்தப் பட்டியலில் பயன்படாதவற்றை நீக்கும் 'கோ மாட் டைடி' கட்டளையை ஓட்டியதும் அந்த வரியே காணோம். நிரலில் எங்கும் அதை இம்போர்ட் செய்யவில்லை அல்லவா? குப்பையைக் கொட்டச் சொன்னால் துடைப்பத்தையும் சேர்த்துக் கொட்டிய கதைதான்.

டூல்ஸ்.கோ என்று ஒரு கோப்பு வைத்துப் பெயருக்கு இம்போர்ட் செய்யும் பழைய உத்தி தெரியும், மனம் ஒப்பவில்லை. கோ 1.24 பதிப்பில் வந்த, கோ.மாட் கோப்பிலேயே கருவிகளைக் குறிக்கும் 'டூல்' வரிதான் சரியான தீர்வு. ஆனால் நிரலைத் தொகுக்கும் எங்கள் பில்ட் சர்வரில் இருப்பது 1.22. இணையத் தொடர்பும் கிடையாது என்பதால் புதிய பதிப்பைத் தானாக இறக்கிக்கொள்ளவும் முடியாது.

கருவிகளுக்கு மட்டும் தனி மாட் கோப்பு வைத்து, அதைப் பயன்படுத்தச் சொல்லும் '-மாட்ஃபைல்' தேர்வைக் கொடுத்து ஓட்டுபவர்கள் இங்கே இருக்கிறீர்களா? இரண்டு கோப்புகளிலும் பதிப்புகள் முரண்படாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?