அப்பாவின் தமிழ் எஸ்எம்எஸ் மட்டும் போர்டுக்குப் புரியவில்லை (ஊனோ + சிம்800எல்)

பாலாடா_கேரட்:
நீலகிரியில் கேத்தி பாலாடாவில் கேரட் போட்டிருக்கிறோம். டிசம்பர் வந்தால் விடியற்காலையில் உறைபனி, முன்னாடியே தெரிந்தால் எழுந்து போய்த் தண்ணீர் தெளித்துவிடலாம் என்று ஒரு அர்டுயினோ ஊனோ போர்டில் டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், 128x64 ஓஎல்இடி திரை, சாஃப்ட்வேர் சீரியலில் (சாதாரணப் பின்கள் வழியாகப் பேசும் லைப்ரரி) எஸ்எம்எஸ்ஸுக்கு சிம்800எல் மோடம் என்று மாட்டி வைத்தேன். வேகம் 9600 பாட் (நொடிக்கு அத்தனை பிட்). நான் ஆங்கிலத்தில் 'டெம்ப்' என்று அனுப்பினால் ஒழுங்காகப் பதில் வருகிறது. அப்பா 'பனி எப்படி' என்று தமிழில் அனுப்பினால் எண்ணும் ஆங்கில எழுத்துமாகப் பதினொன்று வந்து அறுந்து நிற்கிறது. அதோடு நாலைந்து மணி நேரத்தில் போர்டு அப்படியே உறைந்துவிடுகிறது (பனியில் இல்லை!). புரோகிராமைக் கம்பைல் செய்தால் 620 பைட், 30% மெமரிதான் என்கிறது, அப்புறம் எப்படிப் பற்றாமல் போகும்?

குன்னூர்_சால்டரிங்:
அந்த 30%-ஐ நம்பாதீர்கள் தம்பி. ஊனோவில் மொத்தமே 2048 பைட் ராம் (ஓடும்போது பயன்படும் மெமரி). அடாஃப்ரூட் ஓஎல்இடி லைப்ரரிதானே? அது திரைக்கான 1024 பைட்டை போர்டு ஓட ஆரம்பித்த பிறகுதான் கேட்டு வாங்கும், கம்பைல் கணக்கில் வராது. 620-உம் 1024-உம் போக மிச்சம் 404. அதற்குள் ஸ்டாக்கும் (ஃபங்ஷன்கள் ஓடத் தேவையான தற்காலிக இடம்) இருக்க வேண்டும், நீங்கள் ஒவ்வொரு எழுத்தாக ஒட்டி வளர்க்கும் ஸ்ட்ரிங்கும் இருக்க வேண்டும். ஸ்ட்ரிங் வளர வளர ஹீப்பில் (ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) ஓட்டை ஓட்டையாக இடம் சிதறும், நாலு மணி நேரம் தாங்கியதே பெரிது. படமா காட்டப் போகிறீர்கள்? யூ8எக்ஸ்8 லைப்ரரிக்கு மாறுங்கள், வெறும் எழுத்து என்றால் அதற்குத் திரை பஃபரே (தற்காலிகச் சேமிப்பு) வேண்டாம். ஸ்ட்ரிங்கைத் தூக்கிவிட்டு அளவு குறித்த கேரக்டர் அரே போடுங்கள். மோடத்துக்கு அனுப்பும் ஏடி கமாண்டுகளையெல்லாம் எஃப் மேக்ரோவுக்குள் போட்டால் ராமுக்கு வராமல், புரோகிராம் இருக்கும் ஃப்ளாஷ் மெமரியிலேயே இருந்துவிடும்.

மன்னவனூர்_பூண்டு:
மெமரி சரி, தமிழ் அறுவது வேறு கோளாறு. தமிழ் எஸ்எம்எஸ் மோடத்திலிருந்து யூசிஎஸ்2 ஹெக்ஸாக (ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் என்ற முறை) வரும், ஒரு குறிக்கு நாலு எழுத்து. 'பனி எப்படி' என்பதில் இகரக் குறி (ி), புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து 10 குறி, ஆக 40. அதற்கு முன்னால் நம்பரும் தேதியும் உள்ள தலைப்பு வரி, வரிமுறிவுகளோடு எண்ணிப் பார்த்தேன், 52. சாஃப்ட்வேர் சீரியல் பஃபர் 64, அதில் 63 பைட்தான் நிற்கும், அதற்கு மேல் வருவதைக் கீழே போட்டுவிடும். 63-இல் 52 போனால் உங்கள் பதினொன்று! 'டெம்ப்' சின்னது என்பதால் தப்பித்தது. 9600-இல் ஒரு பைட்டுக்குப் பத்து பிட் போக நொடிக்கு 960 பைட், பஃபர் நிரம்ப 66 மில்லிசெகண்ட் போதும். உங்கள் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) அந்த நேரத்தில் எங்கே தூங்குகிறது?

பாலாடா_கேரட்:
டிலே 1000 (ஒரு நொடி நிறுத்தம்) ஒன்று இருக்கிறது அண்ணா. சென்சார் வேறு காக்க வைக்கிறதா?

மன்னவனூர்_பூண்டு:
வைக்கும். 12 பிட் துல்லியத்தில் ஒரு ரீடிங்குக்கு 750 மில்லிசெகண்ட் வரை ஆகும், சென்சாருக்கான டல்லாஸ் லைப்ரரி அதுவரை அசையாது. காத்திருப்பை அணைத்துவிட்டு, கேட்டுவிட்டுப் போய், மில்லிஸ் (போர்டின் நேரக் கணக்கு) பார்த்து ஒரு நொடி கழித்து வாங்கிக்கொள்ளுங்கள். டிலேயை எடுத்துவிட்டு லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் சீரியலைக் காலி செய்யுங்கள். பஃபரை 128 ஆக்கலாம்தான், ஆனால் அப்பா நாளைக்கு நீளமாக எழுதினால் மறுபடி இதே கதை.

குன்னூர்_சால்டரிங்:
முழு மெசேஜையும் சேமிக்க வேண்டியதில்லை. முதல் 40 எழுத்தை மட்டும் வைத்து ஃப்ளாஷில் உள்ள ஹெக்ஸோடு ஒப்பிடுங்கள், மீதியைப் படித்துக் கொட்டிவிடுங்கள். மோடத்துக்குத் தனி சப்ளைதானே? சிக்னல் அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும், ஊனோவின் 5 வோல்ட்டில் மாட்டினால் அதுவும் தொங்கும்.

பாலாடா_கேரட்:
சப்ளை தனி, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் உண்டு. நீங்கள் சொன்னபடியே மாற்றினேன், மூன்று நாளாக நிற்காமல் ஓடுகிறது. இன்று காலை அப்பா 'பனி எப்படி' என்று அனுப்பி 1.5 டிகிரி என்று பதில் வாங்கிவிட்டார், வாங்கிய கையோடு 'சரி' என்று பதிலும் போட்டிருக்கிறார். அதற்கு போர்டு 'தவறான கட்டளை' என்றதாம். அதையும் சேர்க்க வேண்டும்.