முதல் பெஞ்சில் போட்டால் முடிந்ததா?

முத்தியால்பேட்டை டீச்சர்:
காது மெஷின் வைத்த பையன், ஒன்பதாம் வகுப்பு. முதல் பெஞ்சில் உட்கார வைத்ததோடு நம் வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன். ஹெரான் சூத்திரத்தைப் போர்டில் எழுதிக்கொண்டே விளக்கிவிட்டுத் திரும்புகிறேன், பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். "ஏன்டா எழுதலை?" என்றேன். "நீங்க இன்னும் சொல்லவே இல்லையே மிஸ்" என்றான். ஜூனிலிருந்து பாதிப் பாடம் அவனுக்கு என் முதுகுதான். இப்போதெல்லாம் எழுதி முடித்து, திரும்பி நின்று, அப்புறம்தான் வாயைத் திறக்கிறேன்.

திருப்பாப்புலியூர் அப்பா:
என் மகளுக்கு முதல் பெஞ்சே வினை. பார்வைக் குறைவு, ஜன்னல் வெளிச்சம் பட்டுப் போர்டு பளபளக்கும், ஒன்றும் தெரியாது. இரண்டாம் வரிசை ஓரத்துக்கு அவளே கேட்டு மாறிக்கொண்டாள். அது போகட்டும். அரையாண்டுத் தேர்வில் கூடுதல் நேரம் தருகிறோம் என்றார்கள், மணி அடித்ததும் தாளை வாங்கிவிட்டார்கள். விடைத்தாள் வீட்டுக்கு வந்தது. கடைசிக் கணக்கில் சமக்குறி போட்டிருக்கிறாள், பக்கத்தில் ஒன்றுமில்லை. இன்னும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

கடலூர் ஓ.டி.காரன்:
சார், வாய்வார்த்தையை நம்பினீர்களே, அதுதான் தப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 17ஐப் பாருங்கள். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாம் பெயர் சொல்லியே இருக்கிறது. மத்திய அரசின் 2018 தேர்வு வழிகாட்டுதலில் மணிக்கு 20 நிமிடம், அதாவது 3 மணி நேரத் தேர்வுக்கு 1 மணி நேரம். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் இருக்கிறதா? தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள். வினாத்தாளை ஏ3 தாளில் பெரிதாக்கி ஜெராக்ஸ் கேளுங்கள். பொதுத்தேர்வுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள். என் தம்பி மகனுக்கு இப்படித்தான் வாங்கினோம்.

திருப்பாப்புலியூர் அப்பா:
நான் யோசனை கேட்கவில்லை சார். அந்தச் சமக்குறியைத்தான் சொன்னேன்.

வில்லியனூர் பையன்:
டீச்சர், நீங்கள் திரும்பி நின்றாலும் பாதிதான் தெரியும். நானும் மெஷின் வைத்தவன். உதட்டில் 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான். ஆறாம் வகுப்பில் சார் ஒரு தாளை நீட்டி "படி" என்றார். அழகாக நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வகுப்பே சிரித்தது. திமிர் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தார். எதற்கென்று இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

முத்தியால்பேட்டை டீச்சர்:
கண்ணாடி முன் நின்று படி, மடி இரண்டையும் சொல்லிப் பார்த்தேன் தம்பி. ஒரே வாய்தான்.