மூன்று அடிக் கீல் போதுமா, போதாதா?

கோடியக்காடு: பாக் நீரிணையில் ஓட்டும் 26 அடி ஃபைபர் பாய்ப்படகுக்கு ஆழமான ஒற்றைக் கீல்தான் (படகின் அடியிலிருந்து நீருக்குள் நீளும் கனத்த தகடு) வேண்டும், இரட்டைக் கீல் வைப்பவர் கடல் அறியாதவர் என்று நாகை மாலுமி நேற்று நம் குழுவில் தீர்ப்பு எழுதியிருக்கிறார். படித்ததும் காப்பி கசந்தது. வெஸ்டர்லி சென்டார் என்ற 26 அடிப் படகை 1969 முதல் 2,000-க்கு மேல் வார்த்தார்கள். இரட்டைக் கீல். நீருக்கடியில் மூன்றே அடி. வாங்கியவர்கள் எல்லாம் மடையர்களா?

நாகை மாலுமி: இங்கிலாந்தில் பல துறைமுகங்களில் வற்றத்தின்போது கடல் பல மீட்டர் இறங்கிச் சேறுதான் மிஞ்சும் ஐயா. அங்கே படகு நிமிர்ந்து நிற்க இரண்டு கால் வேண்டும். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. எனக்குக் கொன்டெஸா 26 என்ற படகு போதும். ஒற்றை நீள்கீல், நீருக்கடியில் நான்கு அடி. 1985-இல் தானியா ஏபி என்ற பெண் 18 வயதில் அதில்தான் நியூயார்க்கிலிருந்து உலகம் சுற்றக் கிளம்பினார், 1987-இல் திரும்பினார்.

கோடியக்காடு: உலகம் சுற்ற யார் கேட்டது? நான் சொன்னது மூன்று அடி.

வலங்கைமான் வாசகன்: முதலில் 'பயணப் படகு' என்றால் எது என்று வரையறுத்துக்கொள்ளலாமா? இரவு தங்க அறை இருந்தால் போதுமா?

கோடியக்காடு: வயலில் உட்கார்ந்து வரையறை கேட்காதீர்கள் தம்பி. மூன்று அடிக்குப் பதில் வரட்டும்.

நாகை மாலுமி: இதோ பதில். முத்துப்பேட்டைக் காயலில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். உங்கள் மூன்று அடியும் இடுப்பளவுதான். தரைதட்டினால் ஒற்றைக் கீல் படகில் ஆட்கள் ஒரு பக்கமாகப் போய் நிற்கலாம். படகு சாயும், கீல் மேலெழும், நழுவி வரலாம். இரட்டைக் கீலைச் சாய்த்தால் ஒரு கீல் சேற்றில் இன்னும் ஆழமாக இறங்கும். போதாததற்கு, கால் டன் சாமான் ஏற்றினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் அமிழும். அப்போது மூன்று அடி எங்கே?

கோடியக்காடு: ஓர் அங்குலமாம்! மூன்று அடி தட்டுகிற இடத்தில் நான்கு அடி மட்டும் மிதக்குமா? எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?

தரங்கம்பாடி ரெசின்: இருவரும் ஃபைபர் வார்க்கும் பிசினான ரெசினை ஒரு பக்கெட்கூடக் கலக்கியதில்லை என்று தெரிகிறது. பழைய சென்டார்களில் கீல் பொருந்தும் இடத்தில் அடிப்பகுதி நெகிழ்ந்து விரிசல் விடுவது ஊரறிந்த குறை. உள்ளே கண்ணாடியிழை மேட் அடுக்கி வலுவாக்கியவர்கள் ஏராளம். கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டைப் பார்க்காமல் அடிக்கணக்கு எதற்கு?

கோடியக்காடு: வாருங்கள். சென்ற மழைக்காலத்தில் ஜெல்கோட்டில் (ஃபைபரின் வெளிப்பூச்சு) வந்த கொப்புளம் பற்றிக் கேட்டேனே, ஒரு வரி எழுதினீர்களா? உங்களிடம் ரெசின் வாங்கவில்லை என்ற கோபம் இன்னும் ஆறவில்லையா?

தரங்கம்பாடி ரெசின்: நீங்கள் போட்ட படத்தை எல்லாரும்தான் பார்த்தோம். உளியால் கொத்திய குழியிலிருந்து பழுப்பு நீர் வழிகிறது. அதன்மேலேயே குழி அடைக்கும் பசையான புட்டியை அப்பியிருக்கிறீர்கள். வாரக்கணக்கில் காயவிட வேண்டிய இடம் அது.

பூம்புகார்ப் பெருமை: ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்துக்குப் படை அனுப்பியபோது கீலையா அளந்துகொண்டிருந்தான்? கட்டுமரத்துக்குக் கீலே கிடையாது. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் பெருகியது, நமக்கு மறதியும் பெருகியது.

நாகை மாலுமி: கரையில் இழுத்து ஏற்றுவதற்காகக் கட்டியது கட்டுமரம். அதில் அடுப்பு வைத்துச் சோறாக்கிப் படுத்துறங்கிக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

பூம்புகார்ப் பெருமை: நாகப்பட்டினத்துக்காரர் இப்படிப் பேசுவது வெட்கக்கேடு.

நாகை மாலுமி: ஊரை இழுக்காதீர்கள்.

கோடியக்காடு: சோழனும் வேண்டாம், ஊரும் வேண்டாம். மூன்று அடி!

வலங்கைமான் வாசகன்: தூக்கும் கீல் வைத்தால் என்ன? கேட்டலினா 22 என்ற சிறு படகில் கீலைத் தூக்கிவிட்டால் இரண்டு அடி நீரே போதும்.

நாகை மாலுமி: அந்தக் கம்பிவடம் உப்பில் அரித்து அறுந்தால் யார் முங்கிப் பார்ப்பது? நீங்களா?

கோடியக்காடு: தம்பியும் ஆழம் குறைய வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஆக, எனக்கு இரண்டு ஓட்டு.

வலங்கைமான் வாசகன்: நான் உங்களுக்கு ஓட்டுப் போடவில்லை ஐயா.

கோடியக்காடு: போட்டாயிற்று. எண்ணியும் ஆயிற்று.

தரங்கம்பாடி ரெசின்: புட்டி உதிர்ந்ததா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.