எம்இ வழிகாட்டுதல் பற்றிய கோப்புகளைக் கேட்டு வாங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தங்கைக்காக எழுதுபவள்

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கான இழை இது. எம்இ/சிஎஃப்எஸ், அதாவது நாட்பட்ட சோர்வு நோய்க்கான சிகிச்சை வழிகாட்டுதலை, அங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபர் 29 அன்று புதுப்பித்து வெளியிட்டது (அதன் எண் என்ஜி206). 2007-இல் வந்த பழையதில் பரிந்துரைத்திருந்த ஜிஇடி, அதாவது உடற்பயிற்சியைக் குறித்த அளவில் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் முறை, இதில் கிடையாது. சிபிடி பேச்சு சிகிச்சை இருக்கிறது, ஆனால் நோயைச் சமாளிக்க உதவும் துணையாக மட்டும். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் வந்த பிறகுதான் என் தங்கைக்கு ஒரு கிளினிக்கில் கையேடு கொடுத்தார்கள். அதில் வாராவாரம் நடையைக் கூட்டச் சொல்லியிருந்தது. அவளும் சொன்னபடியே நடந்தாள். அப்புறம் பல வாரம் படுக்கையைவிட்டு எழவில்லை, வெளிச்சம் கூடத் தாங்கவில்லை.

ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், சொன்னால் கிளினிக்கைக் கேளுங்கள் என்றார், கிளினிக்கில் ஜிபியைக் கேளுங்கள் என்றார்கள். கடைசியில் அந்தக் கிளினிக்கை நடத்தும் டிரஸ்டுக்கு (அரசு மருத்துவ சேவை அமைப்பு) எஃப்ஓஐ, அதாவது தகவல் சுதந்திரச் சட்டப்படி ஒரு மனு, போட்டேன். கேட்டது மிகச் சுருக்கம்: இப்போது நோயாளிகளுக்குக் கொடுக்கும் எம்இ கையேடுகளின் நகல், 2021 அக்டோபருக்குப் பிறகு என்ஜி206 பற்றிப் பேசிய கூட்டங்களின் குறிப்பு, கிளினிக் ஊழியர்களுக்கு அது பற்றி நடந்த பயிற்சியின் பாடக்குறிப்பு.

கையேடு வந்தது. தங்கைக்குக் கொடுத்த அதே பழசு. மற்ற இரண்டுக்கும், "இந்தத் தகவல் எங்களிடம் இல்லை" என்று ஒரே வரி. முதலில் பார்த்தபோது இது என்ன பதில் என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், புதிய வழிகாட்டுதலைப் பற்றி அங்கே ஒரு கூட்டக் குறிப்பு கூட எழுதப்படவில்லை என்று அவர்களே எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அந்த வரியை இணைத்துத்தான் புகார் கொடுத்தேன். கையேட்டைத் திரும்பப் பெற்றார்கள். மன்னிப்புக் கடிதமும் வந்தது, வழக்கமான மொழியில்.

உங்களுக்கு எப்படி நடந்தது?

பழைய கோப்பு

நல்ல வேலை செய்தீர்கள் அம்மா. "ஏன் பழைய கையேடு கொடுக்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்காததுதான் இதில் முக்கியம். தகவல் சுதந்திரச் சட்டம் 2000 கொடுப்பது ஏற்கெனவே பதிவாகி இருக்கிற தகவலை மட்டும். விளக்கம் எழுதித் தா, கருத்து சொல் என்று கேட்டால் அவர்கள் கடமைப்பட்டவர்கள் இல்லை. இரண்டு பத்தி மழுப்பலாக எழுதி முடித்துவிடுவார்கள். கோபத்தைப் புகாரில் காட்டலாம். எஃப்ஓஐ-இல் காகிதத்தை மட்டும் கேளுங்கள்.

என் கதை வேறு. 2021-இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். ஆகஸ்ட் 18 வெளியீடு என்று அறிவித்திருந்தார்கள். முந்தைய நாள் நைஸ் நிறுத்தி வைத்தது. சில மருத்துவ அமைப்புகளுக்கு ஜிஇடியை எடுத்ததில் உடன்பாடு இல்லை. அக்டோபர் 18 அன்று ஒரு வட்டமேசைக் கூட்டம் நடத்தி, மாத முடிவில் வெளியிட்டார்கள். அந்த இடைப்பட்ட வாரங்களில் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. மருத்துவர்களின் ராயல் காலேஜ்கள் பொதுவாக இந்தச் சட்டத்துக்குள் வராது, அவர்களிடம் நேராகக் கேட்டால் கிடைக்காது. ஆனால் அவர்கள் ஒரு அரசு அமைப்புக்கு எழுதிய கடிதம் அந்த அமைப்பின் கோப்பில் இருக்குமல்லவா? அங்கே கேட்டேன்.

பாதிக்கு மேல் கறுப்புக் கோடு. காரணமாகச் சொன்னது பிரிவு 36: வெளியிட்டால் அதிகாரிகள் இனி மனம்திறந்து பேசமாட்டார்களாம். பிரிவு 40 வேறு, அது தனிநபர் தகவல். ஊழியர் பெயரை மறைத்ததில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 36-ஐச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது, பொதுநலனை எடைபோட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் எழுதியிருந்ததில் மறைப்பதற்கான பக்கம் நீளமாக இருந்தது, வெளியிடுவதற்கான பக்கம் ஒரு சம்பிரதாய வாக்கியம். உள் மறு ஆய்வு கேட்டேன். வழிகாட்டுதல் வெளிவந்து முடிந்துவிட்டதே, இனி எந்த ஆலோசனை கெடப்போகிறது என்பதுதான் என் ஒரே வாதம். அனுப்பிய அமைப்புகளின் பெயரும் தேதிகளும் வந்தன. உள்ளடக்கம் கொஞ்சம் வந்தது. முழுதாக வரவில்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்ததிலேயே நிறைய புரிந்தது.

சென்னைக்காரன்

ஒரு சந்தேகம். என் மகன் அங்கே படிக்கிறான், கோவிட்டுக்கு அப்புறம் எம்இ என்று சொல்லியிருக்கிறார்கள். நான் இந்தியக் குடிமகன். நான் கேட்கலாமா, இல்லை அவன்தான் கேட்க வேண்டுமா? இங்கே ஆர்டிஐ என்றால் குடிமகனாக இருக்க வேண்டும், பத்து ரூபாய் கட்ட வேண்டும், முப்பது நாள்.

பழைய கோப்பு

தாராளமாகக் கேட்கலாம் சார். பிரிட்டன் சட்டத்தில் குடியுரிமை, வசிப்பிடம் எதுவும் பார்ப்பதில்லை. மனுக் கட்டணமும் இல்லை, மின்னஞ்சல் போதும், 20 வேலை நாள். காரணம் சொல்லத் தேவையில்லை, இரண்டு நாட்டிலும் அப்படித்தான். உங்கள் உண்மைப் பெயர் மட்டும் வேண்டும். இங்கே வைத்திருக்கும் புனைபெயரில் போட்டால் செல்லாது.

ஆனால் மகனுடைய மருத்துவப் பதிவை இதில் கேட்காதீர்கள். அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவன் தனியாகக் கேட்க வேண்டியது, அதற்கு ஒரு மாதம். எஃப்ஓஐ-இல் கொடுப்பது ஊருக்கே கொடுப்பது மாதிரி. அதனால் சொந்த விவரம் எதையும் கடிதத்தில் எழுதாமல் இருப்பதே நல்லது.

இருட்டறை

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், நீளமாக வராது. பேஸ் ஆய்வின் கதையை யாராவது சொல்லுங்கள். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். புதியவர்களுக்குத் தெரியாது.

எண்ணிப் பார்ப்பவர்

நான் சொல்கிறேன், எனக்குப் பிடித்த கதை.

பேஸ் என்பது 641 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு. செலவு சுமார் 50 லட்சம் பவுண்ட், பொதுப்பணம். லான்செட் இதழில் 2011-இல் வந்தது. ஜிஇடியும் சிபிடியும் உதவுகின்றன என்றது. 2013-இல் வந்த அடுத்த கட்டுரை அந்த இரண்டு பிரிவுகளிலும் 22 சதவீதம் பேர் குணமடைந்தார்கள் என்றது. நாளிதழ்கள் அப்படியே தலைப்பாக்கின. நம்மில் பலருக்கு "எழுந்து நட, சரியாகும்" என்று சொல்லப்பட்டதற்குப் பின்னால் இந்த எண்கள் இருந்தன.

இடையில் நோயாளிகள் ஒன்றைக் கவனித்தார்கள். உடல் இயக்கத்துக்கு 100-க்கு மதிப்பெண் போடும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஆய்வில் சேர 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும், அந்த அளவுக்கு நோய் இருக்க வேண்டும் என்பது விதி. குணமடைந்தவர் என்பதற்கு முதலில் 85 என்று வைத்திருந்தார்கள். பிறகு அதை 60 ஆக்கிவிட்டார்கள். அதாவது 65-இல் உள்ளே வந்த ஒருவர் ஒரு வருடம் கழித்து 60-க்கு இறங்கியிருந்தாலும் அந்த ஒரு அளவுகோலில் தேறிவிடுவார். இதைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பழைய அளவுகோலில் கணக்குப் போட்டால் என்ன வரும் என்று பார்க்க மூலத்தரவு வேண்டும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்திடம் பலர் கேட்டார்கள். தொல்லை தரும் கோரிக்கை என்று தட்டிக்கழித்ததும் உண்டு. 2014-இல் ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு நோயாளி கேட்டது மட்டும் சரியாக வெட்டப்பட்டிருந்தது: பெயர் இல்லை, வயது இல்லை, ஒவ்வொருவருக்கும் இன்ன இன்ன மதிப்பெண் மட்டும். சென்னை சாருக்குக் கொடுத்த பதில் சரி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம், கேட்டவர் பிரிட்டனிலேயே இல்லை. பல்கலைக்கழகம் மறுத்தது. 2015-இல் தகவல் ஆணையர் கொடுக்கச் சொன்னார். பல்கலைக்கழகம் தீர்ப்பாயத்துக்குப் போய், வழக்குக்கே இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்தது. 2016 ஆகஸ்டில் தீர்ப்பு, பெரும்பான்மை முடிவாக, கொடுக்க வேண்டும் என்று வந்தது. நோயாளிகளால் ஆய்வாளர்களுக்கு ஆபத்து என்று சொன்ன வாதத்தைத் தீர்ப்பாயம் மிகைப்படுத்தல் என்று ஒதுக்கியது.

தரவு வந்ததும் பழைய அளவுகோலில் போட்டுப் பார்த்தார்கள். 22 சதவீதம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. பிரிவுகளுக்கு இடையே பொருட்படுத்தும்படியான வித்தியாசமும் இல்லை.

இதனால்தான் வழிகாட்டுதல் மாறியது என்று நான் சொல்லமாட்டேன். 2017 கோடையில் கூட, மாற்றத் தேவையில்லை என்ற பக்கம்தான் நைஸின் முன்மொழிவு இருந்தது. கருத்துக் கேட்டபோது நோயாளி அமைப்புகள் கொட்டித் தீர்த்தன. செப்டம்பரில் முழுப் புதுப்பிப்பு என்று அறிவித்தார்கள். புதிய குழு ஜிஇடி ஆதாரங்களைத் தரம் பிரித்தபோது எல்லாம் 'குறைவு', 'மிகக் குறைவு' என்றுதான் விழுந்தது. ஆனால் அந்தத் தரவு வெளியே வராமல் இருந்திருந்தால் 2017-இல் அத்தனை பேர் அவ்வளவு துல்லியமாக எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

மேசைக்கு அந்தப் பக்கம்

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. ஒரு பொது சுகாதார அமைப்பில் எஃப்ஓஐ பிரிவில் வேலை செய்கிறேன், பெயர் வேண்டாம். எங்களுக்கு எம்இ கோரிக்கைகள் வரும். பாதியை நான் மனசில்லாமல் மறுக்கிறேன். "எம்இ தொடர்பான எல்லா மின்னஞ்சல்களும்" என்று கேட்டால் என்ன செய்ய? எங்களைப் போன்ற அமைப்புக்குச் செலவு வரம்பு 450 பவுண்ட். மணிக்கு 25 பவுண்ட் கணக்கில் 18 மணி நேரம். மத்திய அரசுத் துறை என்றால் 600, அதாவது 24 மணி. தேடுவதற்கும் எடுப்பதற்கும் ஆகும் நேரம் இதில் சேரும். கறுப்புக் கோடு போடும் நேரம் சேராது. 'ME' என்ற இரண்டு ஆங்கில எழுத்தைத் தேடுபெட்டியில் போட்டுப் பாருங்கள், உலகத்தில் உள்ள எல்லா மின்னஞ்சலும் வரும்.



இதைக் கேளுங்கள்: புதிய நைஸ் வழிகாட்டுதல் வந்தால் பல டிரஸ்டுகள் 'பேஸ்லைன் அசெஸ்மென்ட்' என்று ஒன்று நிரப்பும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் நேராக, நாம் இதைச் செய்கிறோமா, இல்லையென்றால் என்ன திட்டம் என்று எழுதுகிற ஒரு எக்செல் தாள். வடிவத்தை நைஸே தருகிறது. "என்ஜி206-க்கான பேஸ்லைன் அசெஸ்மென்ட்" என்று பெயர் சொல்லிக் கேட்டால் எனக்கு அரைமணி நேர வேலை, உங்களுக்கு முழு உண்மை. இன்னொன்று, 2022 ஜூலைக்கு முன் உள்ளூர் சேவையை வாங்கித் தந்த சிசிஜிகள் (கிளினிக்கல் கமிஷனிங் குரூப்கள்) கலைக்கப்பட்டு, அந்த வேலைக்கு ஐசிபிகள் (இன்டகிரேட்டட் கேர் போர்டுகள்) வந்தன. பழைய ஒப்பந்தமும் சேவை விவரக்குறிப்பும் வேண்டுமானால் ஐசிபியிடம் கேளுங்கள். கலைந்துபோன அமைப்புக்கு எழுதிவிட்டுப் பதில் வரவில்லை என்று சிலர் காத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. நைஸ் வழிகாட்டுதல் சட்டம் இல்லை. டிரஸ்ட் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆகவே "பின்பற்றவில்லை" என்று மட்டும் நிரூபித்துப் பயனில்லை. ஏன் விலகினோம் என்று எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இருட்டறை

அண்ணா, தேடுபெட்டி விஷயம் சிரிக்க வைத்தது. நன்றி.

நான் கேட்டது ஒரு முறைதான். நான்கு வரி. அதற்கு மேல் மூளை ஓடவில்லை. எதைக் கேட்பது என்றே தெளிவாகத் தெரியவில்லை, உதவுங்கள் என்று எழுதினேன். பிரிவு 16-இல் உதவும் கடமை இருக்கிறதாம். ஒரு அதிகாரி தொலைபேசியில் பேசட்டுமா என்றார். பேச முடியாது, எழுத்தில் மட்டும், சிறு பத்தியாக என்றேன். அப்படியே செய்தார். எல்லாரும் எதிரி இல்லை.

தங்கைக்காக எழுதுபவள்

'மேசைக்கு அந்தப் பக்கம்' அண்ணாவுக்குப் பெரிய நன்றி. பேஸ்லைன் அசெஸ்மென்ட் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அரசு 2025 ஜூலையில் எம்இ/சிஎஃப்எஸ் செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறதே, அதையும் சேர்த்து எங்கள் ஐசிபிக்கு இதை அனுப்பலாம் என்று இருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில் மாற்றித்தான் அனுப்புவேன்:

"தகவல் சுதந்திரச் சட்டம் 2000-இன் கீழ் கேட்கிறேன். (1) என்ஜி206-க்காக நீங்களோ உங்களுக்கு முந்தைய சிசிஜியோ நிரப்பிய பேஸ்லைன் அசெஸ்மென்ட். (2) எம்இ/சிஎஃப்எஸ் சேவைக்கு இப்போது நடப்பில் உள்ள சேவை விவரக்குறிப்பு. (3) 2025 ஜூலை செயல்திட்டம் தொடர்பான எல்லாக் கடிதங்களும் மின்னஞ்சல்களும். எக்செல் இருந்தால் எக்செல்லாகவே தரவும்."

மேசைக்கு அந்தப் பக்கம்

முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் "எல்லா" போகட்டும். ஒன்று செலவு வரம்பைத் தாண்டினால் மூன்றையும் சேர்த்தே மறுக்கலாம். "2025 ஜூலை முதல் இன்றுவரை, வாரியத்துக்கோ அதன் துணைக்குழுக்களுக்கோ வைக்கப்பட்ட அறிக்கைகளில் இந்தச் செயல்திட்டத்தைக் குறிப்பிடும் பகுதிகள்" என்று போடுங்கள்.

தங்கைக்காக எழுதுபவள்

மாற்றிவிட்டேன் அண்ணா. இன்று மாலை போகிறது. பதில் வந்ததும் பெயர்களை நீக்கிவிட்டு இங்கேயே போடுகிறேன்.