கீழ் கடைவாய்ப்பல் போன இடத்தில் பிரிட்ஜ் போடலாமா? நல்ல பல்லைத் தேய்த்துச் சிறிதாக்க மனசு வரவில்லை

தேன்மொழி, மேலூர்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 41, மேலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். இடது பக்கம் கீழ்வரிசையில் முதல் பெரிய கடைவாய்ப்பல்லில் வேர் வரைக்கும் விரிசல் போய்விட்டது என்று ஆடி மாதம் எடுத்துவிட்டார்கள். இப்போது கார்த்திகை. புண் நன்றாக ஆறிவிட்டது, ஆனால் அந்தப் பக்கம் எதையும் மெல்ல முடியவில்லை. முறுக்கு, கடலை மிட்டாய் எல்லாம் வலப்பக்கம்தான். ராத்திரி தாடை வலிக்கிறது.

இங்கே மேலூர் டாக்டர் பிரிட்ஜ், அதாவது பக்கத்து இரண்டு பல்லையும் பிடித்து நடுவில் பொய்ப்பல் நிற்கும்படி கட்டுவது, போடச் சொல்கிறார். மூன்று பல் கணக்கு. மெட்டல் செராமிக் என்றால் 13,500, ஜிர்கோனியா என்றால் 24,000. மதுரை கே.கே.நகரில் ஒரு டாக்டரிடம் கேட்டேன். அவர் இம்பிளாண்ட்தான் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் பல் வைப்பது) நல்லது, 32,000 ஆகும், பின்னால் உள்ள பல்லுக்குத் தனியாக ஒரு கேப் (பல்லை மூடும் உறை) என்கிறார். என் அத்தையோ, "ஒரு பல்லுக்கு இம்புட்டுக் காசா, அப்படியே விடு" என்கிறார்.

பள்ளத்துக்குப் பின்னால் இருக்கும் பல்லில் ஏற்கெனவே ரூட் கேனல் செய்து அடைத்திருக்கிறது, கேப் போடவில்லை. முன்னால் இருக்கும் சின்ன கடைவாய்ப்பல்லில் ஒரு சொத்தைகூடக் கிடையாது. பிரிட்ஜ் என்றால் அதையும் சுற்றித் தேய்க்க வேண்டுமாம். அங்கேதான் எனக்கு மனசு தடுக்கிறது. தேய்த்தால் அந்தப் பல் என்ன ஆகும்? அதற்கும் ரூட் கேனல் செய்ய வேண்டுமா? பிரிட்ஜ் எத்தனை வருடம் வரும்? கட்டிக்கொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சரவணன், விளாங்குடி:

அப்படியே விடுவது மட்டும் வேண்டாம் அக்கா. என் அக்கா அதே இடத்துப் பல்லை எடுத்துவிட்டு, வெளியே தெரியாத பல்தானே என்று விட்டுவிட்டார். மேலே இருந்த பல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது, பின்பல் முன்னால் சாய்ந்துவிட்டது. பிறகு பல் கட்டப் போனபோது, இறங்கிய மேல்பல்லை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லி அதற்கே தனிச் செலவு ஆனது. சின்ன வேலை பெரிய வேலையாகிவிட்டது.

செராமிக் பாண்டியன்:

தேன்மொழி அக்கா, நான் டாக்டர் இல்லை. சிம்மக்கல் பக்கம் ஒரு டென்டல் லேபில் செராமிக் வேலை செய்கிறேன். டாக்டர் உங்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்பினால், அதில் ஸ்டோன் என்கிற கெட்டிச் சாந்தை ஊற்றி, பல்வரிசையை வார்த்து எடுத்து, பிரிட்ஜைச் செய்து கொடுப்பது எங்கள் ஆட்கள்தான். அதனால் வாயை நான் பார்ப்பதில்லை. மேசையில் இருக்கும் கல் பல்வரிசையை மட்டும் நாள் முழுக்கப் பார்க்கிறேன். அதிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். முடிவு உங்கள் டாக்டரோடு பேசி எடுங்கள்.

எல்லோரும் பள்ளத்தைப் பற்றியே கேட்கிறார்கள். பிரிட்ஜின் ஆயுள் பள்ளத்தில் இல்லை, பக்கத்தில் நிற்கும் இரண்டு பல்லில் இருக்கிறது. மூன்று பல்லும் ஒரே துண்டாக வார்த்தது. இரண்டு ஓரமும் கேப், நடுவில் தொங்குவது பொய்ப்பல். இரண்டு பேர் ஏழு பேருக்கான மூட்டையைத் தூக்குகிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான், போன பல்லின் வேரைவிடத் தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பு குறையாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர்கள் கணக்குப் பார்ப்பார்கள். உங்களுக்கு ஒரு பல்தான் போயிருக்கிறது, அந்தக் கணக்கில் பிரச்சினை வராது. தூக்குகிறவரின் கால் உறுதியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் கேட்பது பின்பல்லைப் பற்றித்தான். ரூட் கேனல் செய்த பல் என்றால் உள்ளே நிறையச் சொத்தை சுரண்டி எடுத்திருப்பார்கள். கேப் பிடிக்க வேண்டும் என்றால் ஈறுக்கு மேலே, சுற்றிலும், ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டராவது அசல் பல் நிற்க வேண்டும். வெறும் அடைப்பின் மேல் கேப் உட்கார்ந்தால் நிற்காது. என் மேசைக்கு வரும் அச்சுகளில் சிலதில் பின்பல் ஒரு சின்ன மொட்டு மாதிரி நிற்கும். அதற்கும் நாங்கள் அழகாகப் பிரிட்ஜ் செய்துதான் அனுப்புகிறோம், சொன்ன வேலை அது. ஆனால் அந்தப் பல் உடைந்தால் அது மட்டும் போகாது. மூன்றும் சேர்ந்து கழன்று வரும். பள்ளத்துக்கு முன்னால் உள்ள உங்கள் நல்ல சின்ன கடைவாய்ப்பல் (அதைத்தான் முன்பல் என்கிறேன்) தேய்த்த நிலையில் நிற்கும். பல்லில் எனாமல் ஒரு முறை போனால் போனதுதான், மறுபடி வளராது.

அதனால் இப்போதைய எக்ஸ்ரே ஒன்று எடுத்து, "இந்தப் பின்பல் தனியாக ஒரு கேப்பைத் தாங்குமா, பிரிட்ஜைத் தாங்குமா" என்று இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். தனிக் கேப்பைத் தாங்கும், பிரிட்ஜ் சந்தேகம் என்று சொன்னால் கே.கே.நகர் டாக்டர் சொன்ன வழிக்கு அர்த்தம் இருக்கிறது. பல் நன்றாக உறுதியாக இருக்கிறது, அதற்கு எப்படியும் கேப் வேண்டும் என்றால் மேலூர் டாக்டர் சொன்னதும் நியாயமே. இரண்டு பேரும் உங்களை ஏமாற்றவில்லை.

முன்பல்லுக்கு ரூட் கேனல் தேவையா என்றால், உயிரோடு இருக்கும் நல்ல பல்லுக்கு வழக்கமாகத் தேவையில்லை. சில இடங்களில் பிரிட்ஜுக்கு முன் எல்லாப் பல்லுக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுகிறார்கள், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. ஒரே ஒரு நியாயமான காரணம் உண்டு. பிரிட்ஜ் மேலிருந்து நேராக உட்கார வேண்டும், அதற்கு இரண்டு ஓரப் பல்லும் ஒரே திசையில் நிற்கும்படி தேய்க்க வேண்டும். ஒன்று ரொம்பச் சாய்ந்திருந்தால் தேய்ப்பு ஆழமாகி நரம்பு வரை போகும். உங்களுக்குச் சில மாதம்தான் ஆகியிருக்கிறது, பெரிதாகச் சாய்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. தேய்த்த பிறகு கொஞ்ச நாள் கூச்சம் இருக்கும். சிலருக்குப் பின்னாளில் நரம்பு செத்துப் போய் ரூட் கேனல் தேவைப்படும். இதை மறைக்காமல் சொல்லும் டாக்டரை நம்பலாம்.

எத்தனை வருடம் என்பதற்கு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில் 10 வருடம் கழித்தும் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பிரிட்ஜ் வாயில் இருந்திருக்கிறது. ஒற்றை இம்பிளாண்டின் மேல் வைத்த பல்லும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரே பக்கம் பிடித்துத் தொங்கும் பிரிட்ஜ் பத்தில் எட்டாகக் குறைகிறது. உங்கள் முன்பல்லைக் காப்பாற்றப் பின்பல்லில் மட்டும் தொங்கவிடலாமே என்று யாராவது சொன்னால், பெரிய கடைவாய்ப்பல் இடத்துக்கு அது வேண்டாம். மெல்லும் பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும்.

மெட்டல் செராமிக்கா ஜிர்கோனியாவா என்று கேட்டால், கடைவாயில் இரண்டுமே ஓடும். மெட்டல் செராமிக்கில் உள்ளே நிக்கல் குரோமியம் கூடு, மேலே செராமிக் பூச்சு. சூளையில் சுட்டு எடுப்போம். காலப்போக்கில் பூச்சு சில்லாகப் பெயரலாம், ஈறு இறங்கினால் கருப்புக் கோடு தெரியலாம். ஜிர்கோனியா என்பது உலோகக் கூடு இல்லாத கெட்டியான வெள்ளைச் செராமிக், கட்டியிலிருந்து கடைந்து எடுப்பது. சுடும்போது சுருங்கும் என்பதால் நிஜ அளவைவிட 20–25 சதவீதம் பெரிதாகக் கடைவோம், 1,500 டிகிரி பக்கம் சுட்டதும் சரியான அளவுக்கு வந்து நிற்கும். எத்தனை வருடமாகப் பார்த்தாலும் எனக்கு அது சலிக்காத காட்சி. ஒன்று கவனியுங்கள்: ஜிர்கோனியாவுக்கு வாரண்டி அட்டை கொடுப்பார்கள். அது பொதுவாகப் பொருள் உடைந்தால் மாற்றித் தருவதற்குத்தான். அடியில் உங்கள் சொந்தப் பல் சொத்தையானால் அந்த அட்டை உதவாது.

கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

தேன்மொழி, மேலூர்:

பாண்டியன் தம்பி, ரொம்ப நன்றி. இவ்வளவு பொறுமையாக யாரும் சொல்லவில்லை. எனக்குக் கவரிங் ஒத்துக்கொள்ளாது, பொட்டு அளவு தோடு போட்டாலே காது தடித்துவிடும். இதுவரை எந்தப் பல் டாக்டரும் இதைக் கேட்டதில்லை.

இன்னொன்று. பிரிட்ஜ் போட்டால் அடியில் சோறு மாட்டி நாறும் என்கிறார்கள், உண்மையா?

ராமசாமி, வாடிப்பட்டி:

அம்மா, என் வீட்டுக்காரிக்கு அப்படித்தான் ஆனது. மதுரையில் ஓர் இடத்தில் பிரிட்ஜ் போட்டோம், எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். காலையில் எழுந்ததும் வாயில் ஒரு கசப்புத் தண்ணி வருகிறது என்பாள். வேறு டாக்டர் விரலால் பிரிட்ஜை அழுத்தினார், ஓரத்தில் எச்சில் குமிழ் குமிழாக வந்தது. ஒரு பக்கம் சிமெண்ட் விட்டிருக்கிறது, மறுபக்கம் பிடித்திருந்ததால் கழன்று விழவில்லை. உள்ளே சொத்தை இறங்கிவிட்டது.

நான் சர்க்கரைக்காரன், எனக்கு இம்பிளாண்ட். மூன்று மாத சர்க்கரை அளவு பார்த்து, கட்டுக்குள் வந்த பிறகுதான் போட்டார்கள். எலும்போடு பிடிக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பீடியையும் விடச் சொன்னார்கள், விட்டேன். பக்கத்துப் பல் எதையும் தொடவில்லை என்பது எனக்குத் திருப்தி. கையில் பணம் குறைவு என்றால் கிழக்கு வெளி வீதி சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரியிலும் ஒரு முறை காட்டுங்கள். மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் நிதானமாகப் பார்ப்பார்கள்.

செராமிக் பாண்டியன்:

ஐயா சொன்ன குமிழ், அதுதான் சரியான அடையாளம். ஒரு முனை விட்டுப்போன பிரிட்ஜ் பல நேரம் வலிக்காது, ஆடுவதுகூடத் தெரியாது. கெட்ட வாடை, புதுக் கசப்பு வந்தால் உடனே காட்ட வேண்டும். சீக்கிரம் பார்த்தால் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப ஒட்டக்கூட வாய்ப்பு உண்டு.

அக்கா, சோறு மாட்டுவது பாதி எங்கள் கையிலும் இருக்கிறது. நடுப்பல்லின் அடிப்பாகம் வழவழப்பாக, வெளிப்பக்கம் குவிந்து, ஈறை லேசாகத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். அழுந்தி உட்கார்ந்தால் ஈறு வீங்கும், குழிவாக இருந்தால் எதைப் போட்டும் சுத்தம் செய்ய முடியாது. கடைசியாக ஒட்டுவதற்கு முன் தற்காலிகமாக மாட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, அப்போதே டாக்டரிடம் "அடியில் நூல் போகிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். போகவில்லை என்றால் திருப்பி லேபுக்கு அனுப்பட்டும், நாங்கள் திருத்தித் தருவோம். அதற்குத்தானே இருக்கிறோம். நன்றாக ஒட்டிவிட்டால் பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வீட்டில் சுத்தம் செய்ய சூப்பர் ஃப்ளாஸ் என்று கேளுங்கள். சாதாரண நூல் மேலிருந்து இறங்காது, மூன்று பல்லும் ஒட்டி இருக்குமே. இதில் ஒரு முனை விறைப்பாக இருக்கும். ஊசியில் நூல் கோக்கிற உங்கள் கைக்கு ஒரு நிமிடத்தில் வந்துவிடும். கன்னப் பக்கமிருந்து பொய்ப்பல்லுக்கு அடியில் நுழைத்து, நாக்குப் பக்கம் இழுத்து, பஞ்சு மாதிரி இருக்கும் பகுதியால் முன்னும் பின்னும் இழுங்கள். இரண்டு ஓரப் பல்லின் சுவரையும் சேர்த்துத் துடையுங்கள், சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கும். ராத்திரி படுக்கும் முன் தினமும். முதல் வாரம் கொஞ்சம் ரத்தம் வரலாம், பயப்பட வேண்டாம். அதற்கு மேலும் வந்தால் காட்டுங்கள்.

நிக்கல் விஷயம் சொல்லிவிட்டதால் உங்களுக்கு மெட்டல் செராமிக் என்றால் கோபால்ட் குரோமியம், இல்லையென்றால் ஜிர்கோனியா. லேபுக்கு வரும் சீட்டிலேயே டாக்டர் அதை எழுதிவிட வேண்டும், வாய்வார்த்தையாகச் சொல்வது எங்கள் வரைக்கும் வந்து சேராது.

தேன்மொழி, மேலூர்:

சரி தம்பி. திங்கட்கிழமை கடை விடுமுறை, அன்றைக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு இரண்டு டாக்டரிடமும் பின்பல்லைப் பற்றி நீங்கள் சொன்னபடி பிரித்துக் கேட்கிறேன். அது பிரிட்ஜைத் தாங்கும் என்றால் மேலூரிலேயே ஜிர்கோனியா பிரிட்ஜ். சந்தேகம் என்றால் இப்போதைக்குப் பின்பல்லுக்குக் கேப் மட்டும் போட்டுக்கொண்டு, சீட்டுப் பணம் தை மாதம் வரும், அதில் இம்பிளாண்ட். ராமசாமி ஐயா, கல்லூரியில் காலை எத்தனை மணிக்குச் சீட்டு எழுதுவார்கள்?

ராமசாமி, வாடிப்பட்டி:

காலையிலேயே போய்விடுங்கள் அம்மா, கூட்டம் சேர்ந்துவிடும். பழைய எக்ஸ்ரே, ரூட் கேனல் செய்தபோது கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் கையில் கொண்டு போங்கள். பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை ஏதும் சாப்பிட்டால் அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் சொல்லாமல் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.