எம்.லிப் (நூலக அறிவியல் முதுகலை) முடிச்சு லா லைப்ரரிக்குப் (சட்ட நூலகம்) போனவங்க, முதல் வருஷம் எப்படி இருந்துச்சு?

மலைக்கோட்டை வாசகி:
வணக்கம் மக்களே. நான் எம்.லிப் முடிச்சு ரெண்டு வருஷம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ் லைப்ரரில இருந்தேன், இப்ப சென்னைல ஒரு வக்கீல் ஆபீஸ் லைப்ரரிக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. வந்த முதல் நாளே பல்பு. ஜூனியர் ஒருத்தர் கோர்ட்ல இருந்து போன் பண்ணி, மேடம் மேனகா காந்தி சைட்டேஷன் சொல்லுங்க, கேஸ் பாஸ் ஓவர் ஆகியிருக்கு (கொஞ்ச நேரம் தள்ளி வெச்சிருக்காங்க), எந்த நிமிஷமும் கூப்பிட்டுருவாங்கன்னார். சைட்டேஷன்னா ஒரு தீர்ப்பு எந்த வருஷத்து எந்தத் தொகுப்புல எந்தப் பக்கத்துல இருக்குங்கற அடையாளம், மேனகா காந்திங்கறது அந்தத் தீர்ப்போட பேரு. நான் கேட்டலாக்ல ஆத்தர் பேர்ல மேனகா காந்தின்னு தேடிட்டு இருக்கேன் (சிரிக்காதீங்க). அங்க ரொம்ப வருஷமா இருக்குற அட்டெண்டர் அண்ணன் டீ கிளாஸ கீழ வைக்காமலே, ஏஐஆர்னா 1978 எஸ்சி 597, எஸ்சிசின்னா 1978 வால்யூம் 1, பக்கம் 248னு சொல்லிட்டாரு. ஒரே தீர்ப்பு நாலு ரிப்போர்ட்டர்ல (ஏஐஆர், எஸ்சிசி மாதிரி தீர்ப்புத் தொகுப்பு) நாலு பக்க எண்ணோட இருக்கும், எதிர்க்கட்சி வக்கீல் ஒண்ணச் சொன்னா நம்ம ஆள் கையில இருக்குறது இன்னொண்ணா இருக்கும், ரெண்டையும் உடனே பொருத்தித் தரணும்ங்கறதே எனக்குத் தெரியாது. நூலக அறிவியல் ரங்கநாதனோட நாலாவது விதி, வாசகர் நேரத்த மிச்சப்படுத்து, பரீட்சைக்கு எத்தனை தடவ எழுதியிருப்பேன்! கோர்ட் ஹால் வாசல்ல நிக்கிற ஆளுக்கு நேரம்னா ரெண்டு நிமிஷம்தான்னு எவனும் சொல்லித் தரல.

உங்களுக்கெல்லாம் இந்த வேலைய யாரு கத்துக்கொடுத்தாங்க? கதையச் சொல்லுங்க.

கோந்து டப்பா:
எனக்குக் கத்துக்கொடுத்தது ஒரு வாங்குன திட்டு. பொது நூலகத்துல ட்ரெய்னிங் எடுத்த ஆளு நான், அங்க புது எடிஷன் வந்தா பழசக் கழிச்சுருவோம்ல, அதே பழக்கத்துல ஒரு ஆடிட்டர்-வக்கீல் ஆபீஸ்ல சேர்ந்த மூணாவது வாரம், ஷெல்ஃப்ல இடமில்லன்னு வருஷ வாரியா அடுக்கி வெச்சிருந்த பழைய இன்கம் டாக்ஸ் ஆக்ட் புக்கையெல்லாம் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுட்டேன். கிலோவுக்கு நல்ல விலைதான் குடுத்தான். அடுத்த வாரம் சார் வந்து அஞ்சாறு வருஷம் முந்தின அசெஸ்மெண்ட் கேஸ் ஒண்ணுக்கு அந்த வருஷத்து ஆக்ட கேக்குறாரு. வருஷா வருஷம் பட்ஜெட்டோட வர்ற ஒவ்வொரு ஃபைனான்ஸ் ஆக்டும் ஏதாவது செக்‌ஷன மாத்திட்டே வரும், பழைய வருஷத்துக் கணக்குக்கு அந்த வருஷம் எப்படி இருந்துச்சோ அந்தச் சட்டம்தான் வேணும். பேப்பர் கடைக்கு ஓடினேன், லோடு போயிடுச்சுன்னான். அன்னிக்குத் திட்டு வாங்குனதுல இருந்து நான் எதையும் கழிக்கிறதில்ல, வீட்டுல பழைய காலண்டர்கூட கெடக்குது.

இப்ப ஐபிசிக்குப் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்) பதிலா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்தப்புறம் இந்த சங்கதி எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குத்தம்னா ஐபிசிதான். அதனால பழைய புக்க எடுத்துப் போடுங்கன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க.

பேர் ஆக்ட் பைத்தியம்:
மேல உள்ள அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். 482. பழைய சிஆர்பிசில (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 482னா ஹைகோர்ட்ல குவாஷ் பெட்டிஷன், அதாவது கேஸையே ரத்து பண்ணக் கேக்கறது. அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 482னா முன்ஜாமீன், அதாவது பழைய 438. குவாஷ் இப்ப 528க்குப் போயிடுச்சு. டேட்டாபேஸ்ல வெறும் 482னு அடிச்சா ரெண்டும் கலந்து கொட்டும், ஜூனியர் பசங்க மேல வந்தத பிரிண்ட் எடுத்துட்டு ஓடிருவாங்க. எந்தச் சட்டத்துல 482ன்னு எதிர்க்கேள்வி கேக்கறதுதான் நம்ம வேலையே, ஆனா ரெஃபரன்ஸ் இன்டர்வியூன்னு (வாசகருக்கு என்ன வேணும்னு கேட்டுத் தெரிஞ்சுக்கறது) பாடம் எடுக்கறப்ப இப்படி ஒரு உதாரணம் சொன்னா பிள்ளைங்க தூங்குமா?

இன்னொண்ணு 66ஏ. ஐடி ஆக்ட்ல (தகவல் தொழில்நுட்பச் சட்டம்), ஆன்லைன்ல புண்படுத்தற மாதிரி பதிவு போட்டா குத்தம்னு சொன்ன அந்தப் பிரிவ ஸ்ரேயா சிங்கால் கேஸ்ல 2015 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. ஆனா 2021லயும் அதுல கேஸ் போட்டுக்கிட்டுதான் இருந்தாங்கன்னு மறுபடி கோர்ட்டுக்கே வந்தது. அப்ப அட்டர்னி ஜெனரல் சொன்ன காரணத்த நான் என் மேசைக்கு எதிர்ல எழுதி ஒட்டியிருக்கேன்: புக்ல பிரிவு அப்படியே இருக்கு, ரத்து ஆன விஷயம் அடிக்குறிப்புலதான் இருக்கு. ஒரு அடிக்குறிப்ப யாரும் படிக்காததால மனுஷங்க ஸ்டேஷன் ஏறியிருக்காங்க. நம்மள புக் அடுக்கறவங்கன்னு நக்கல் பண்றவங்களுக்கு நான் இந்தக் கதையத்தான் சொல்றது.

தேம்ஸ் கரை:
நான் லண்டனில ஒரு லோ ஃபேர்மில கிராஜுவேட் ட்ரெயினியா தொடங்கினனான். இஞ்ச கனபேர் முதல் ஒரு வருசம் ட்ரெயினியா சம்பளத்தோட வேலை செய்துபோட்டு, அதுக்குப் பிறகுதான் மாஸ்டர்ஸ் போறவை. எனக்கு அந்த ஒழுங்கு பிடிச்சது, ஏனெண்டால் வகுப்பில சொல்லுறது என்னத்துக்கெண்டு ஏற்கனவே விளங்கியிருக்கும். ஆனா அந்த வருசத்தில அரைவாசி லூஸ் லீஃப் (தாளைக் கழட்டி மாத்தக்கூடிய சட்டப் புத்தகம்) மாத்துறதிலயே போச்சுது, பழைய தாளைக் கழட்டி புதுத்தாளைப் போடுறது, ஒருக்கா ஒரு கட்டைத் தவறவிட்டா அடுத்த கட்டு பொருந்தாது. விரல் நுனி முழுக்க வெட்டு.

சைட்டேஷனில வருசத்தைப் போடுற சதுர அடைப்பு, வட்ட அடைப்பு கதையும் இருக்கு. நத்தை கேஸ் எண்டு சொல்லுவினமே, டொனகியூ எதிர் ஸ்டீவன்சன், அது [1932] ஏசி 562, ஏசி எண்டால் அப்பீல் கேஸஸ் எண்ட தீர்ப்புத் தொகுப்பு. வருசம் சதுர அடைப்புக்குள்ள இருந்தா அந்த வருசத்தை வச்சுத்தான் வால்யூமை எடுக்கவேணும். வட்ட அடைப்பெண்டால் வால்யூம் நம்பரே போதும், வருசம் சும்மா தகவல். எனக்கு மூண்டு மாசம் ஆகியும் ஒருத்தரும் இதைச் சொல்லேல்ல, நானும் அச்சுப்பிழை எண்டு நினைச்சு சதுரத்தை எல்லாம் வட்டமா மாத்தி டைப் பண்ணிக்கொண்டிருந்தனான்!!

கோந்து டப்பா:
@தேம்ஸ் கரை 😂 அச்சுப்பிழை!

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு இன்டர்ன் தம்பி மூணு சைட்டேஷன் கொண்டுவந்தான், கட்சிக்காரங்க பேரு, வருஷம், வால்யூம், பக்கம் எல்லாம் கச்சிதமா. வால்யூம எடுத்துப் புரட்டினா அந்தப் பக்கத்துல ஏதோ மோட்டார் ஆக்சிடெண்ட் கேஸ் பாதியில ஓடிட்டிருக்கு. எங்கடா எடுத்தன்னா ஏஐ கிட்ட கேட்டேன்ங்கறான். 2023ல நியூயார்க்ல இப்படிச் சாட்ஜிபிடி குடுத்த பொய்க் கேஸ்கள ஃபைல் பண்ணின வக்கீல்களுக்கு 5000 டாலர் அபராதம் போட்டாங்களே, அந்த உத்தரவ அவனுக்கு பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். பாவம், நல்ல பையன்தான், புக்க எடுத்துப் பாக்கணும்னே அவனுக்கு யாரும் சொல்லல.

மலைக்கோட்டை வாசகி:
எல்லாருக்கும் நன்றி. 66ஏ பத்தி படிச்ச உடனே அட்டெண்டர் அண்ணன்கிட்ட போய்க் கேட்டேன். அதெல்லாம் அப்பவே அடிச்சாச்சும்மான்னு ஐடி ஆக்ட எடுத்து விரிச்சாரு, பிரிவுக்குக் குறுக்க செவப்பு மையில கோடு, ஓரத்துல கேஸ் பேரு, தேதி. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் எண்ணிப் பாத்தா அதே புக்கு இன்னும் மூணு காப்பி சார் ரூம்ல கெடக்குது, ஒண்ணுலயும் கோடு இல்ல. செவப்புப் பேனா வாங்கி வெச்சுட்டேன், நாளைக்கு அதான் முதல் வேலை.