பதில்: செயற்கைக்கோள் இருவழிக் குறுஞ்செய்திக் கருவி – சுருக்கமாக ஒரு சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பவும் பெறவும் உதவும் கையடக்கக் கருவிக்கு, நான் எழுதும் துண்டறிக்கைக்காக ஒரு சுருக்கமான தமிழ்ப் பெயர் கேட்டிருந்தேன். நேற்று ஒரே நாளில் இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. துண்டறிக்கை யாருக்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் வார இறுதியில் படகெடுத்துத் தூண்டில் போடப் போகும் நம் ஆட்களுக்கு. ஹந்து தீவு, குசு தீவுப் பக்கம் போய்வருவோருக்கு இந்தக் கருவியே தேவையில்லை. கைத்தொலைபேசியும் விஎச்எஃப் (VHF) எனும் படகு வானொலியும் போதும். (தெற்கே போனால் தொலைபேசி இந்தோனேசியச் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும், அது தனிக்கதை.) மலேசியாவின் தியோமன், இந்தோனேசியாவின் அனம்பாஸ் தீவுகள் என்று தொலைவாகக் கிளம்புகிறவர்களுக்குத்தான் வழியில் சிக்னல் விட்டுப்போகும். விஎச்எஃப் ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரம்வரைதான். செயற்கைக்கோள் தொலைபேசியோ விலை அதிகம். இன்ரீச், சோலியோ போன்ற கையடக்கக் கருவிகள் 200 முதல் 400 அமெரிக்க டாலருக்குள் வந்தவை, மாதச் சந்தா தனி. இவ்விரண்டும் பயன்படுத்துவது சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இரிடியம் நிறுவனத்தின் 66 செயற்கைக்கோள்களை.

இனி பெயருக்கு வருவோம்.

> கோள்மடல் என்று வைக்கலாமே?

வைக்கலாம், ஆனால் 'கோள்' என்றதும் நம் ஊரில் கோள்மூட்டுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். படகில் ஒருவர் 'கோள்மடல் அனுப்பு' என்றால் மனைவியிடம் போட்டுக்கொடுப்பதாகவே மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

> விண்ணோலை. அழகாக இருக்கிறது.

இருக்கிறது ஐயா, மறுக்கவில்லை. ஆனால் ஓலை வந்துவிட்டது என்றால் யார் அனுப்பிய ஓலை என்று உங்களுக்கே தெரியும். ஆபத்தில் உயிர் காக்கும் பெட்டிக்கு அந்தப் பெயர் வேண்டாமே.

விண்மடல் பலருக்குப் பிடித்திருக்கிறது. எனக்குத் தயக்கம் அதன் ஒலியில். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே மின்மடலா விண்மடலா என்று எப்படித் தெரியும்?

என் பார்வையில் இந்தப் பெயருக்கு முக்கியம் விண் அல்ல, பதில்தான். ஏனென்றால் படகில் இதோடு குழப்பிக்கொள்ள இன்னொரு பெட்டி இருக்கிறது: ஈபெர்ப் (EPIRB) எனும் அபாய அறிவிப்புக் கருவி. அதுவும் செயற்கைக்கோளைத்தான் நம்புகிறது, 406 மெகாஹெர்ட்சில் அபாயக்குறி விடுகிறது. ஆனால் அது பேசும், கேட்காது. புதிய சிலவற்றில் 'கிடைத்தது' என்ற ஒப்புகை மட்டும் திரும்பி வரும். நம் கருவியிலோ 'எஞ்சின் நின்றுவிட்டது' என்று அனுப்பினால் 'எரிபொருள் வடிகட்டியைப் பார்த்தாயா?' என்று கேள்வி வரும். அதற்குப் பதில் போடலாம், நங்கூரம் போட்டுக் காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கலாம். ஒவ்வொன்றும் போய்வரச் சில நிமிடம் பிடிக்கும், வானம் திறந்திருக்க வேண்டும், அறைக்குள் வைத்துக்கொண்டு அடித்தால் போகாது. ஆனாலும் அது உரையாடல்.

அதனால்தான் தூது என்கிறேன். தூதுச் சிற்றிலக்கியத்தில் தலைவி அன்னத்தையோ கிளியையோ சும்மா அனுப்பிவிடுவதில்லை, தலைவனின் மாலையை வாங்கி வா என்றுதான் அனுப்புகிறாள். பதில் கொண்டுவராத தூது அரைத் தூது. ஆக, 'இருவழி' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அனுப்பும் செய்தி விண்தூது, கருவி விண்தூதி.

> தூதி என்றால் பெண் தூதர் அல்லவா?

செயலி, உலாவி, வருடி எதுவும் பெண்பாலாகக் கேட்கவில்லையே அக்கா, இதுவும் பழகிவிடும். வானதூதர் நினைவு வருகிறது என்ற தேவாலய நண்பருக்கு: வந்தால் வரட்டும், நடுக்கடலில் அது ஒன்றும் கெட்ட நினைவில்லை. செயற்கைக்கோளைச் செய்மதி என்று எழுதும் யாழ்ப்பாண அண்ணன் 'செய்மதித் தூதி' என்று எழுதினாலும் புரியும், சண்டையில்லை.

நீளத்தைப் பற்றியும் ஒன்று. கரையில் இருப்பவருக்கு இது பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸாகத்தான் போய்ச் சேர்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனிக் கணக்கு. 'எஞ்சின் நின்றுவிட்டது' கண்ணுக்கு இடைவெளியோடு 12, கணக்கில் 21. இந்த மடலின் தலைப்பில் உள்ள பெயரைத் தட்டினால் 43 போய்விடும், அதன்பின் விபத்தைச் சொல்ல இடமேது? விண்தூது 8தான்.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், அப்புறம் அச்சுக்குப் போய்விடும். இன்னொன்று: இந்தக் கருவிகளில் 'நன்றாக இருக்கிறோம்' என்பதை ஒரே அழுத்தில் வீட்டுக்கு அனுப்ப வசதி உண்டு. அதை 'நலப் பொத்தான்' என்று எழுதியிருக்கிறேன். 'சுகம்' என்று போட்டால் நம் மக்களுக்கு இன்னும் இயல்பாக இருக்குமோ?